ஒட்டுவது எது?

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் மூலிகைக் கட்டிலையும் மரச் சிற்பங்களையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஓரிடத்தில் கட்டாயம் குனிந்தும் பார்ப்பார்கள். நவராத்திரி மண்டபத்தின் கறுப்புத் தரையில் கல்தூண்கள் தலைகீழாகத் தெரியும். கருங்கல்லை இழைத்துப் பதித்ததா என்று கேட்டால், வழிகாட்டி ஒரு சமையல் குறிப்பை ஒப்பிப்பார்: சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, ஆற்று மணல், முட்டையின் வெள்ளைக் கரு. இன்னும் சில சாறுகளின் பெயரையும் சேர்த்துக்கொள்வார். அது அவரவர் கற்பனையைப் பொறுத்தது. தக்கலைக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் இந்த அரண்மனையில், மார்த்தாண்ட வர்மா காலத்துத் தளங்கள் சுமார் 270 ஆண்டுகளாக மிதிபடுகின்றன. அடுப்பில் எரிந்து முடிந்த சிரட்டை எப்படிக் கல்லாயிற்று?

கரி கல்லாகவில்லை. கேட்டவர் மனதில் நிற்பது கரிதான் என்றாலும், வேலையைச் செய்தது சுண்ணாம்பு. இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாப் பொருள்களுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்கப்போகிறேன். உமியில் செய்த செங்கல், கதம்பையில் செய்த கதவு, சாம்பலில் செய்த சிமெண்ட் என்று யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும், அதில் ஒட்டுவது எது?

முதலில் சுண்ணாம்பு. முட்டம், குளச்சல் பக்கத்துப் பாறைகளில் முங்கி எடுக்கும் சிப்பியைச் சமைத்துச் சாப்பிட்டபின் ஓடு குப்பைக்குப் போகும். அந்த ஓடு ஏறத்தாழ முழுவதும் கால்சியம் கார்பனேட். பழைய நாளில் கடலோரத்தில் சுண்ணாம்பு என்றால் பெரும்பாலும் சிப்பி, மட்டிகளின் ஓட்டைக் காளவாயில் நீற்றி எடுத்ததுதான். 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் ஓட்டிலிருந்து கரியமில வாயு கழன்று போகும். 100 கிலோ கார்பனேட் உள்ளே போனால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு வெளியே வரும். மீதி 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும். தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கிக் குழைகிறது. அந்தக் குழைவை மணலோடு கலந்து பூசினால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடியும் கார்பனேட்டாக இறுகுகிறது. அதாவது, தரை இறுகி முடிந்தபோது அதில் இருப்பது ரசாயனக் கணக்கில் பழைய சிப்பி ஓடு. வடிவம் மட்டும் நாம் கொடுத்தது.

இது ஊகமில்லை, பார்க்கலாம். பழைய சுவரில் ஒரு துண்டை உடைத்து, உடைந்த முகத்தில் ஃபினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். கார்பனேட்டாக மாறிய வெளிப்பகுதி நிறம் மாறாது. இன்னும் மாறாத சுண்ணாம்பு உள்ளே இருந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். இறுகுதல் வெளியிலிருந்து உள்ளே எத்தனை மில்லிமீட்டர் போயிருக்கிறது என்பதை அந்தக் கோட்டில் அளந்துவிடலாம்.

முட்டை எதற்கு? வெள்ளைக் கருவில் இருப்பது புரதம். சுண்ணாம்புப் படிகங்கள் வளரும்போது இம்மாதிரிப் பெருமூலக்கூறுகள் அவற்றின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, பெரிதாக வளர விடாமல் தடுக்கின்றன. பொடிப்பொடிப் படிகங்கள் நெருக்கி அடுக்கிய பரப்பு தண்ணீரை எளிதில் உள்ளே விடாது, தேய்த்தால் மெருகும் ஏறும். சீனாவில் பழைய கோட்டைச் சுவர்களின் சுண்ணாம்புச் சாந்தில் பசையரிசிக் கஞ்சி கலந்திருப்பதை, அயோடின் சொட்டி நிறம் மாறுவதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். செஜியாங் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அந்த மாவுச்சத்து கார்பனேட் படிகங்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதைக் காட்டியது. செட்டிநாட்டுப் பூச்சில் கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்த கொத்தனார்களுக்குப் படிகம் என்ற பேச்சு தெரிந்திருக்காது. கைக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் கரி? அது நிரப்பி. மட்கிப் போகாது, கரையாது, சுண்ணாம்போடு வினைபுரியாது. இடத்தை அடைத்துக்கொண்டு நிறம் கொடுக்கும். ஒட்டுகிற பொருளைப் பிணைப்பான் என்றும் ஒட்டப்படுகிற பொருளை நிரப்பி என்றும் சொல்லலாம். கழிவிலிருந்து செய்ததாக விற்பனைக்கு வரும் பொருள்களில் பெரும்பாலானவற்றில் கழிவு நிரப்பியாகவே இருக்கிறது. அதில் கேவலம் ஒன்றுமில்லை, நிரப்பி சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தால்.

சரியான இடம் என்றால் என்ன என்பதைத் திருவனந்தபுரத்தில் குடியேறி அங்கேயே 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அழகாகக் காட்டினார். நம் வீட்டுக் கான்கிரீட் மேல்தளம் எடையில் லேசாகத் தொய்யும்போது அதன் மேற்பாதி அமுங்குகிறது, கீழ்ப்பாதி இழுபடுகிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் கெட்டி. இழுப்பைத் தாங்குவது அதனால் ஆகாது, அதைக் கம்பிதான் தாங்குகிறது. ஆக, கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கு நடுவே கிடக்கும் கான்கிரீட்டுக்கு, கம்பியைப் பிடித்துக்கொண்டு இடத்தை அடைப்பதைத் தவிர பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய வீடு இடித்த மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே கான்கிரீட் போட்டார் பேக்கர். சிமெண்டும் மிச்சம், தளமும் லேசு, ஓட்டுக்குள் அடைபட்ட காற்றால் வெயிலும் சற்றுக் குறைவாக இறங்கும். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் ஓட்டு வீடுகள் இடிபடும் வேகத்தைப் பார்த்தால் இந்த நிரப்பிக்கு இன்னும் கொஞ்ச காலம் பஞ்சம் வராது. கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் உள்ள விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் அமைப்பு இம்மாதிரிச் சிக்கனக் கட்டுமான முறைகளைக் கற்றுத் தந்து வந்திருக்கிறது. கட்டில் மேல் படுத்து அண்ணாந்து பார்த்தால் ஓட்டின் செம்மண் நிறம் வரிசையாகத் தெரிவது சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

சுண்ணாம்புக்கு ஒரு குறை உண்டு. இறுக அதற்குக் காற்று வேண்டும். தடித்த சுவரின் நடுவில் காற்று போக நாளாகும். தண்ணீருக்கடியில் போகவே போகாது. பிறகு 1887இல் தொடங்கி 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையைச் சுண்ணாம்பை நம்பி எப்படிக் கட்டினார்கள்? சுண்ணாம்போடு சுர்க்கி சேர்த்தார்கள். சுர்க்கி என்பது செங்கல் பொடி. உடைசல் கல்லை இடித்துச் சலித்தது. இது நிரப்பி இல்லை. சுண்ணாம்பு நீரோடு வினைபுரிந்து, கால்சியமும் சிலிக்காவும் தண்ணீரும் பின்னிய ஒரு கூழை உண்டாக்குகிறது. அந்தச் சிலிக்கேட் கூழ் காற்றே இல்லாமல் தண்ணீருக்குள்ளும் இறுகும். ரோமானியர்கள் இதே வேலைக்கு இத்தாலியின் பொசுவோலி ஊர்ப்பக்கத்து எரிமலைச் சாம்பலைச் சேர்த்தார்கள். அந்த ஊர்ப் பெயரால் இப்படிப்பட்ட பொருள்களுக்குப் பொசோலானா என்று பெயர். தமிழில் சுண்ணாம்புத் துணை என்று வைத்துக்கொள்வோமே.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். மணலும் சிலிக்காதான். அதையே சுண்ணாம்போடு கலந்தால் போதாதா? போதாது. ஆயிரம் ஆண்டு ஆனாலும் மணல் மணலாகவே இருக்கும். வேறுபாடு என்ன பொருள் என்பதில் இல்லை, அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது. கற்கண்டையும் பஞ்சுமிட்டாயையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் சர்க்கரை. கற்கண்டில் மூலக்கூறுகள் நிதானமாக, வரிசை பிசகாமல் அடுக்கிப் படிகமானவை. வாயில் அடக்கினால் நெடுநேரம் கிடக்கும். பஞ்சுமிட்டாயில் உருகிய பாகு சுழன்று தெறித்த கணமே குளிர்ந்து, வரிசைக்கு வர நேரமின்றி அப்படியே உறைந்துபோனது. நாக்கில் பட்டதும் காணாமல் போகும். மணல் முதல் வகை. செங்கல் பொடி இரண்டாவது வகை: களிமண்ணை 600 முதல் 800 டிகிரி வரை சுட்டால், அதன் அடுக்குகளைப் பிடித்திருந்த நீர் வெளியேறி வரிசை குலைகிறது. குலைந்த நிலையில் உள்ள அணுக்கள் சுண்ணாம்புக்கு எளிதில் இணங்கும். இன்னும் அதிகமாகச் சுட்டால் வேறு வரிசையில் மறுபடி அடுக்கிக்கொண்டு முரண்டு பிடிக்கும். சுர்க்கிக்கு அளவாக வெந்த செங்கலே நல்லது என்பது இதனால்தான். இந்த வரிசை குலைந்த நிலையைப் படிகமற்ற நிலை என்பார்கள்.

இதைத் தெரிந்துகொள்வது எக்ஸ் கதிரால். பொடியின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிச் சிதறலைப் பதிவு செய்தால், படிகம் என்றால் வரைகோட்டில் ஊசிமுனைகளாகச் சில சிகரங்கள் எழும். படிகமற்றது என்றால் ஒரே ஒரு மழுங்கிய மேடு மட்டும் வரும். ஒரு கழிவைச் சுண்ணாம்புத் துணையாகக் கொள்ளலாமா என்று ஆய்வகத்தில் முதலில் பார்ப்பது இந்த வரைகோட்டைத்தான். அடுத்து, சுண்ணாம்போடு பிசைந்து கட்டிகள் வார்த்து, சில நாள் வெதுவெதுப்பான ஈரத்தில் வைத்து, நசுக்கிப் பார்ப்பார்கள். எத்தனை எடையில் நொறுங்குகிறது என்பதே கடைசித் தீர்ப்பு.

இந்தக் கதையெல்லாம் பழங்காலத்தோடு முடிந்ததென்று எண்ணினால், வீடு கட்டுகிற இடத்தில் கிடக்கும் சிமெண்ட் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பி.பி.சி. என்று அச்சிட்டிருக்கும். போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட். நம் நாட்டுத் தர விதிப்படி அதில் 15 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல், அதாவது ஃபிளை ஆஷ் கலக்கலாம். தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்றவற்றின் கொதிகலனில் நிலக்கரி எரியும்போது, அதற்குள் இருந்த களிமண் துகள்கள் உருகித் துளிகளாகி, புகையோடு பறக்கையிலேயே உறைந்துவிடுகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் கண்ணாடிக் கோலிகள். சிமெண்ட் தண்ணீர் பட்டு இறுகும்போது சிலிக்கேட் கூழோடு கொஞ்சம் சுண்ணாம்பும் உபரியாகத் தங்கும். அதனால் வலு ஒன்றுமில்லை. தண்ணீர் ஊறினால் கரைந்து வெள்ளையாகப் பூக்கும். சாம்பல் அந்த உபரியைப் பிடித்து மேலும் கூழாக மாற்றுகிறது. ஆனால் இந்த இரண்டாம் வேலை நிதானமாகத்தான் நடக்கும். "அண்ணாச்சி, இது மெள்ளத்தான் பிடிக்கும், தண்ணி மட்டும் விடாம நனைங்க" என்று கொத்தனார் சொல்வதன் பொருள் இதுதான். நனைப்பதை ஏழாம் நாளில் நிறுத்திக்கொள்கிறவர், காசு கொடுத்து வாங்கிய வலுவில் ஒரு பகுதியை வேண்டாம் என்று விடுகிறார்.

சிமெண்ட் சூளை 1,450 டிகிரியில் எரிகிறது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருவது. அதில் பாதிக்கு மேல், எரிபொருளால் வராமல் சுண்ணாம்புக் கல்லிலிருந்தே கழன்று வருவது. அதனால் மூட்டைக்குள் சாம்பல் கலப்பது, சிலர் நினைப்பதுபோலக் கலப்படம் இல்லை. நிலக்கரி நிலையங்கள் மூடப்படும் நாடுகளில் இப்போது நல்ல சாம்பலுக்கே தட்டுப்பாடு பேசப்படுகிறது.

நாஞ்சில் நாட்டில் சாம்பலுக்கு இன்னொரு ஊற்று இருக்கிறது. நெல் தன் வேர் வழியாக மண்ணில் கரைந்திருக்கும் சிலிக்காவை உறிஞ்சி, உமியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உமி கையில் அறுப்பதும், மாடு அதைத் தின்னாததும், சீக்கிரம் மட்காததும் அதனால்தான். பாட்டிமார் உமிக்கரியால் பல் தேய்த்தபோது தேய்த்தது கரியோடு சேர்ந்த இந்தச் சிலிக்காவும்தான். 1,000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அதில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. தாவர உலகில் இவ்வளவு சிலிக்கா தரும் கழிவு அரிது.

எரிப்பதில்தான் சூட்சுமம். 700 டிகிரிக்குள் காற்றோட்டமாக எரித்தால் சிலிக்கா படிகமற்ற நிலையிலேயே நிற்கும், துளைகள் நிறைந்து, சுண்ணாம்போடு ஃபிளை ஆஷை விடவும் சுறுசுறுப்பாக வினைபுரியும். சூடு கூடினாலோ நெடுநேரம் நீடித்தாலோ கற்கண்டுக் கட்சிக்குப் போய்விடும். காற்று போதாவிட்டால் கரி தங்கிச் சாம்பல் கறுக்கும். கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்தியப் பொறியாளர் பி. குமார் மேத்தா 1970களில் இந்த வெப்பக் கட்டுப்பாட்டை ஆராய்ந்து, உமிச் சாம்பலைச் சிமெண்டில் பயன்படுத்தும் வழியைக் காட்டினார். அரை நூற்றாண்டு ஆயிற்று. அரிசி ஆலைகளில் உமி எரிகிறது, ஆனால் நெல் அவிக்க நீராவி வேண்டும் என்பதற்காக எரிகிறது. சாம்பலின் தரத்தை யாரும் கேட்பதில்லை. கொதிகலன்களிலிருந்து வருவது கரியும் சாம்பலும் கலந்த கலவை. அதை அப்படியே சிமெண்டில் கொட்டிவிட்டுக் கழிவுக் கல் என்று விற்றால் அது நிரப்பி, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, படிகமாகிப்போன சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கையாளும் தொழிலாளிக்கு முகக்கவசம் இல்லாமல் ஆகாது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரில் விளைந்த வயல்கள் வாழையாகவும் ரப்பராகவும் மனையாகவும் மாறியது போக, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போகங்களிலும் இன்னும் நெல் வருகிறது. ஆலைக்காரருக்குத் தேவை, வெப்பத்தைப் பிடித்து நிறுத்தும் உலையும், வெள்ளைச் சாம்பலுக்கு விலை கொடுக்கும் ஆளும்.

கழிவே பசையாகவும் முடியும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ஆர். வாசுதேவன், சுமார் 170 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் பைத் துண்டுகளைத் தூவினால், அவை எரியாமல் உருகிக் கல்லில் தோலாகப் படிவதைக் கண்டு, அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும் என்று சாலை போட்டுக் காட்டினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். குமரி மாவட்டத்திலும் இம்மாதிரிச் சாலைகள் போட்டார்கள்.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது கதம்பை, அதாவது தேங்காய் மட்டை. இந்தக் கடலோரத்துக் காயல்களிலும் கால்வாய்களிலும் கதம்பையை மாதக்கணக்கில் அழுகப்போட்டு, தல்லி, நாரைப் பிரித்தெடுத்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அழுகிய முட்டை நாற்றமும் தெரியும்; அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. நாரைக் கோத்துப் பிடித்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஆனால் லிக்னினைத் தொட மாட்டா. லிக்னின் என்பது மரத்தின் செல்களை ஒன்றோடொன்று பிடித்து விறைப்பாக நிறுத்தும் பொருள். தேங்காய் மட்டையில் அது மிகுதி, நாரைவிட்டு உதிரும் தூளிலும் அப்படியே. மட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தூள்தான். கயிற்று ஆலைகளின் பின்புறம் மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் மட்காமல் மலையாகக் கிடந்ததற்கும் லிக்னினே காரணம். இப்போது அதைக் கட்டியாக அழுத்திச் செடி வளர்ப்புக்கு ஏற்றுமதி செய்கிறார்கள்.

லிக்னினுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சம் ஈரத்தோடு 150 டிகிரியைத் தாண்டிச் சூடேற்றினால் இளகும், ஆறினால் இறுகும். நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள், யான் வான் டாம் தலைமையில், முழு மட்டையை நாரும் தூளுமாகச் சேர்த்து அரைத்து, உலர்த்தி, சூடான அழுத்து இயந்திரத்தில் வைத்துப் பலகை செய்தார்கள். வெளியிலிருந்து ஒரு துளிப் பிசின் சேர்க்கவில்லை. 2004இல் வெளிவந்த ஆய்வின்படி, அந்தப் பலகை கடைகளில் விற்கும் மரத்தூள் பலகைகளுக்கு ஈடாக, சிலவற்றுக்கு மேலாகவே நின்றது. பசை எதுவும் வெளியிலிருந்து வராதபோது ஒட்டியது உள்ளே இருந்ததாகத்தானே இருக்க வேண்டும்? நார் வலுவைக் கொடுத்தது, தூள் பிணைப்பானாயிற்று.

நாம் செய்து வந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். மட்டையிலிருந்து நாரைப் பாடுபட்டுப் பிரிக்கிறோம். பசையாகக்கூடிய தூளை ஒதுக்குகிறோம். பிறகு அந்த நாரைப் பலகையாக்கப் பிசினை விலைக்கு வாங்குகிறோம். கயிறு வாரியத்தின் ஆய்வு நிலையங்கள் உருவாக்கிய கயிற்றுப் பலகை நல்ல பொருள், கரையான் அவ்வளவு எளிதில் அண்டாது, காட்டை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அதை ஒட்டுவது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின். மலிவான மரத்தூள் பலகைகளில் சேரும் யூரியா வகைப் பிசினைவிட இது அறைக்குள் குறைவாகவே ஆவி விடும் என்பது உண்மை. பெட்ரோலியத்திலிருந்து வருவது என்பதும் உண்மை. தென்னையில் செய்த கதவு என்ற விளம்பரத்தில் இந்த இரண்டாவது சேதி இருக்காது.

பிசினில்லாப் பலகை ஏன் ஈத்தாமொழியிலும் ராஜாக்கமங்கலத்திலும் இன்னும் தொழிலாகவில்லை? ரசாயனம் தடையில்லை. பச்சை மட்டையில் பாதிக்கு மேல் தண்ணீர், அதை உலர்த்தச் சூடு வேண்டும். ஒவ்வொரு பலகையையும் பெரும் அழுத்தத்தில் சில நிமிடம் பிடித்து வைக்கும் இயந்திரம் விலை அதிகம், சிறு கயிற்று ஆலைக்காரரின் கைக்கு எட்டாது. மட்டையோ பருமன் மிகுந்த பொருள். லாரி நிறைய ஏற்றினாலும் எடை சேராது, பாதி வாடகை காற்றைச் சுமப்பதற்கே போகும். ஆகையால் தேங்காய் உரிக்கிற களத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அழுத்து இயந்திரம் இருந்தாக வேண்டும். நாலைந்து ஊர் கயிற்றுக் கூட்டுறவுகள் சேர்ந்து ஒன்றை நிறுவினால், பலகையின் ஓரம் வெட்டும்போது உதிரும் தூளையே எரித்து உலர்த்தும் சூட்டில் ஒரு பங்கை எடுக்க முடியும்.